காக்கைக்கால்

டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேலே
ரப்பர் வேகும் வாசம் படியேறி வருகிற
கம்பம் ஆபீஸ்.
பதினோரு நாள், எட்டு மென்பொருள்.
ஒரு படம் வரைய வேண்டும், அவ்வளவுதான்:
ஜீப், டிரைவர், ஏறுகிற ஆள், தோட்டம், நாள்.
ஐந்து பெட்டி. நடுவே கோடுகள்.

முதலாவது அழகு.
பெட்டியின் ஓரம் வளையும், கீழே நிழல் விழும்,
டாலரில் மாத வாடகை கேட்கும்.
என் தெரு ஒச்சம்மாள்
ஏலத் தோட்டத்தில் நாலு நாள் குனிந்தால் வருவது.
இரண்டாவது இலவசம்.
குறிப்பில் மொக்கச்சாமி என்று அடித்தால்
கொம்பு தனியே கால் தனியே கழன்று
முதலெழுத்திலேயே ஆள் கவிழ்ந்து கிடப்பார்.
மூன்றாவதற்கு எந்நேரமும் இணையம் வேண்டும்.
நம் டவர் போய்க் கேரள டவர் வரும்வரை
திரையில் வட்டம் சுற்றும்;
கம்பம்மெட்டில் படம் காட்டப் போன அன்று
அது நிற்பதற்குள்
பேபிச்சன் இரண்டு கட்டன் குடித்துவிட்டார்.
நான்காவது, கோடுகளைத் தானே அடுக்கும்.
நான் வைத்த இடத்தில் எதையும் இருக்கவிடாது,
மாமியார் சமையல்கட்டு மாதிரி.
ஐந்தாவதில் பதினான்காம் நாளிலிருந்து
படத்தின் குறுக்கே அதன் பெயர் விழுமாம்.
அடுத்த இரண்டை ஜியாவுதீன் பார்த்தான்.
உதட்டைப் பிதுக்கினான்.

பேபிச்சன் ஜீப் சங்கத்துச் செயலாளர்.
அச்சடித்த தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
"இதெந்தா, கோழிக்காலோ?"
காக்கைக்கால், என்றேன்.
இந்தப் பக்கம் ஒற்றைக் கோடு,
அந்தப் பக்கம் மூன்று விரல்.
ஒரு ஜீப்புக்குப் பல ஆட்கள்.
"பல என்னு வெச்சா?"
ஆர்.சி. புத்தகத்தில் ஒன்பது, என்றேன்.
அவர் கிளாஸின் அடியைப் பார்த்தார்.

விடியக்காலை நாலரைக்கு
பின்கம்பியில் தொங்குகிறவர்களையும் சேர்த்துப்
பதினேழு எண்ணியிருக்கிறேன்.
காக்கைக்கு மூன்று விரல்தான்.
எத்தனை பேரையும் பிடித்துக்கொள்ளும்.

சங்கத்துக்கு இப்போது ஏன் கம்ப்யூட்டர் கணக்கு என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
ஆடியில், ஆறாவது வளைவில், ஒரு வண்டி.
அன்றைக்கு ஏறியவர்கள் யார் யார் என்று
எந்தத் தாளிலும் இல்லை.
ராத்திரி எட்டு மணிக்கு மேல்
வீடு திரும்பாதவர்களை வைத்துத்தான்
தெருத் தெருவாய்க் கணக்கு எடுத்தார்கள்.

நேற்று ராத்திரி
அழகான முதலாவது எழுதித் தந்த கட்டளைகளை ஓட்டி
மாதிரிக்கு ஒரு ஜீப் போட்டேன்.
பதினேழு பெயர் ஏற்றினேன்.
கற்பனைப் பெயர் ஒன்றும் வரவில்லை;
ஒச்சம்மாள், பெருமாயி, மொக்கச்சாமி என்று
தெரிந்தவர்களாகவே வந்தார்கள்.
பிறகு ஜீப்பை மட்டும் அழித்தேன்.
சத்தமே இல்லை.
ஆட்கள் பட்டியலைத் திறந்தால்
பதினேழு வரியும் இல்லை.

எட்டாவது அவலட்சணம்.
எலியால் இழுத்து வரைய முடியாது;
வரிவரியாக எழுதினால்
அதுவே சாம்பல் நிறத்தில் பெட்டி போடும்.
ஆனால் ஒவ்வொரு காக்கைக்காலிலும் நின்று கேட்கிறது:
தலைவரி அழிந்தால்
இந்த வரிகளை என்ன செய்ய?
பதில் எழுதாமல் அடுத்த கோட்டுக்கு நகராது.
"தடு" என்று எழுதினேன்.
அதே ஜீப், அதே பெயர்கள்.
அழி என்றேன்.
சிவப்பில் வந்தது:
முடியாது, இதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அழிப்பேன் என்று மறுபடி அடித்தேன்,
அது மறுபடி மறுக்கட்டும் என்றே.

காலையில் ஜியாவுதீன் பார்த்து
"எட்டாவதா? பார்க்கவே சகிக்கலையே" என்றான்.
ஆமாம், என்றேன்.
படம் ஒரு தாளில் அடங்கவில்லை.
இரண்டு தாளை செலோடேப்பால் ஒட்டி
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
ஒட்டு விழுந்த இடத்தில்
ஜீப்பிலிருந்து ஆளுக்குப் போகும் கோடு
ஒரு நூல் விலகியிருந்தது.
பேனாவால் இழுத்துச் சேர்த்தேன்.